டிக்கிக்குள் கொஞ்சம் காற்று

காரில் அடிச்சத்தத்துக்கான ஊஃபர் பெட்டி மாட்டி முடித்ததும் நான் அதை விரலால் தட்டிப் பார்ப்பேன். அப்போது, கடைத் தம்பிகளே, பின்னால் நின்று நீங்கள் சிரிப்பது எனக்குத் தெரியும். "அண்ணே தர்பூசணி வாங்குறாரு" என்று உங்களில் ஒருவன் சொன்னதும் கேட்டது. என் வலது காதுக்குள் பல வருடமாக ஒரு கொசு குடியிருக்கிறது, உண்மைதான். ஆனால் இடது காது இன்னும் ஒழுங்காக வேலைக்கு வருகிறது.

கடையை உங்களிடம் விட்டுவிட்டு நான் ஒதுங்கிக்கொண்டாயிற்று. போகிற போக்கில், ஏன் தட்டுகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். உள்ளே காற்று இருக்கிறதா என்று பார்க்கத்தான் தட்டுகிறேன். சிரிக்காதீர்கள். ஒரு தடவை இல்லாமல் போயிருக்கிறது.

வேலையை எப்படிச் செய்வது என்று நான் பாடம் எடுக்கப்போவதில்லை. எந்த ஊஃபருக்கு எவ்வளவு பெரிய பெட்டி, எந்த ஒயர், எத்தனை திருகு, எல்லாவற்றையும் இப்போது உங்கள் கைப்பேசியே சொல்லிவிடுகிறது. பதறும்போது என்ன செய்வது என்று அது சொல்லாது. அந்தத் துறையில் மதுரையில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பதற்றம் வந்தால் சிலருக்குக் கை நடுங்கும், சிலருக்கு வாய் குழறும். எனக்கு இரண்டும் நேராது. விளக்குமாற்றை எடுத்துக் கூட்ட ஆரம்பித்துவிடுவேன். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள், என் மனைவியைக் கேளுங்கள்; கல்யாணமான புதிதில் இவ்வளவு பொறுப்பான மாப்பிள்ளையா என்று அவள் ஏமாந்திருக்கிறாள்.

கோரிப்பாளையத்தில் என் முதல் கடைக்குப் பக்கத்துக் கடை காசிம் பாயுடையது. கார் சீட்டுக்கு உறை தைப்பவர். என் கடை வாசல் பளிச்சென்று இருந்தால் போதும், ஊசியைச் சட்டைக் காலரில் குத்திக்கொண்டு எட்டிப்பார்ப்பார்.

"அரே, இம்புட்டுச் சுத்தமா இருக்கே! இன்னைக்கு யாரு வண்டியக் கருக்குன மாப்ள?"

அது எண்பதுகளின் நடுப்பகுதி. காரில் டேப் பாடினாலே ஆட்கள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்த காலம். மெல்ல மெல்ல வாடகைக் கார்க்காரர்களுக்குப் பாட்டு காதில் விழுந்தால் போதாது, நெஞ்சில் இடிக்க வேண்டும் என்று ஆசை வந்தது. ஆயத்தமாக எதுவும் கடையில் கிடைக்காது. வீட்டுக்கென்று செய்த ஊஃபரை வாங்கி, பிளைவுட்டில் ஒரு பெட்டி அடித்து, அதை டிக்கியில் வைப்போம். பெட்டி எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. டிக்கியில் சாமான் போக மிச்சம் எவ்வளவோ அதுதான் அளவு. காலை அளக்காமல் செருப்புத் தைத்த கதைதான்.

அப்படி நான் அடித்த முதல் பெட்டி ஒரு ஜவுளி வியாபாரியின் பியட் காருக்கு. டிக்கியில் துணிப் பொதி வைக்க வேண்டும், உன் பெட்டி ஓரமாக ஒடுங்கி நிற்கட்டும் என்றார். பெரிய பிஸ்கட் டின் அளவுக்கு ஒரு பெட்டி அடித்து, அதற்குள் பத்து அங்குல ஊஃபரைத் திணித்தேன். பாட்டைப் போட்டதும் 'டும்' என்றது. அடுத்த பாட்டைப் போட்டேன். அதற்கும் அதே 'டும்'. சோகப் பாட்டு, தாலாட்டு, பக்திப் பாட்டு, எதற்கும் அந்த ஒரே 'டும்'. வியாபாரி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஏப்பா, எல்லாப் பாட்டுக்கும் ஒரே ஆளையே அடிக்க விட்டுருக்க. அவனுக்கும் ஒரு அடிதான் தெரியும் போல."

அன்றைக்குக் கடை கண்ணாடி மாதிரி இருந்தது.

ஊஃபரின் காகிதக் கோன் முன்னும் பின்னும் போய்வருகிறது. பின்னால் போகும்போது பெட்டிக்குள் இருக்கும் காற்று அதை முன்னால் தள்ளிவிடுகிறது. பெட்டிக் காற்று ஒரு ஸ்பிரிங். சின்னப் பெட்டி என்றால் ஸ்பிரிங் முறுக்காக இருக்கும்; கோன் ஆழமாகப் போய்வர முடியாமல் ஒரே இடத்தில் நின்று குதிக்கும். இதை நான் புரிந்துகொண்ட விதமும் சிலாக்கியமானதல்ல. சின்னது கெட்டது என்றால் பெரியது நல்லது என்று முடிவுகட்டி, அடுத்து வந்த சுற்றுலா வேனுக்குப் பின் சீட்டு அகலத்துக்கு ஒரு சவப்பெட்டியே அடித்தேன். மெதுவாக வைத்தபோது தேவலோகம். பூமிக்கு அடியிலிருந்து வருவது போல ஒரு ஆழம். டிரைவர் உற்சாகமாகித் திண்டுக்கல் சாலையில் சத்தத்தைக் கூட்டினான். பெட்டிக்குள் ஸ்பிரிங்கே இல்லாததால் கோன் பிடிமானமில்லாமல் ஓடி, வேட்டி கிழிவது போல 'டர்ர்'ரென்று கிழிந்தது. பெரிய பெட்டி ஆழம் தரும், ஆனால் அதட்டினால் தாங்காது. இந்த இரண்டையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மீதிக் கதைக்கு இவ்வளவு விஞ்ஞானம் போதும்.

இரண்டு அவமானமும் ஆறிய பிறகுதான் தவசி வந்தான். வாடிப்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். பழைய அம்பாசிடர் ஒன்றை வாங்கி வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தான். என் வயதுதான், ஆனாலும் என்னை அண்ணே என்பான். மெக்கானிக் என்றால் அந்தக் காலத்தில் அப்படி ஒரு மரியாதை.

"அண்ணே, வண்டிக்குச் சவுண்டு போடணும்."

"எம்புட்டுச் சவுண்டு வேணும்?"

"எங்க ஊரு மந்தையில வண்டி போகும்போது, டீக்கடையில உக்காந்துருக்கவன் கையில கிளாசு தளும்பணும்."

தங்கை பாண்டியம்மாளுக்குக் கல்யாணம் என்றான். மாப்பிள்ளை வீடு கோச்சடையில். பெண்ணைத் தன் காரிலேயே உட்கார வைத்து, ஊர் கூடுகிற மந்தைத் தெரு வழியாக மெயின் ரோட்டுக்கு வந்து, மதுரைக்குக் கூட்டிப் போகப்போகிறான்.

"அதுக்கு ஏன் டீ தளும்பணும்?" என்று கேட்டேன். என் வாய் அப்படி.

அவன் சிரிக்கவில்லை. "எங்க தெருப் பொண்ணு ஒண்ணு கார்ல மந்தையத் தாண்டுறது இதுதான்ணே மொதத் தடவ. எங்கய்யா ஆயுசுக்கும் அந்தத் தெருவுல சைக்கிள உருட்டிக்கிட்டுத்தான் போயிருக்காரு. ஏறி மிதிச்சதில்ல. அவரு இல்ல இப்ப. நான் போகும்போது எல்லாருக்கும் கேக்கணும்."

இந்தப் பெட்டியை மட்டும் ஒழுங்காக அடிக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். ஒரு பெட்டி அடிப்பேன், கேட்பேன், கொஞ்சம் பெரிதாக்குவேன், மறுபடி கேட்பேன். குட்டி இட்லிச் சட்டியிலிருந்து கல்யாண இட்லிச் சட்டி வரை எல்லா அளவும் பார்த்தாயிற்று. நடுவில் ஓர் அளவில் ஊஃபர் அடங்கி உட்கார்ந்தது. தபேலா தபேலாவாகவும், மிருதங்கம் மிருதங்கமாகவும் கேட்டது. காசிம் பாய் தன் கடையிலிருந்து டீ கிளாசோடு ஓடிவந்தார்.

"மாஷா அல்லா! தளும்புது பாரு மாப்ள!"

"அது நீங்க ஓடி வந்ததுல தளும்புது பாய்."

"போடா! இங்க, நெஞ்சுக்குள்ள அடிக்குது."

தவசிக்கு முகமெல்லாம் பல். பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். விரலால் தட்டிப் பார்த்தான். டிக்கியில் பாதிக்கு மேல் அடைத்துக்கொண்டு நின்றது அது.

"உள்ள என்னண்ணே இருக்கு?"

"உள்ள ஒண்ணும் இல்ல. வெறும் பெட்டிதான்."

தம்பிகளே, இந்த வாக்கியத்தைத்தான் நீங்கள் வாடிக்கையாளரிடம் எந்தக் காலத்திலும் சொல்லக்கூடாது.

கல்யாணத்துக்கு முதல் நாள் பெண்ணழைப்பு. என்னையும் அழைத்திருந்தான். புதுச் சட்டை போட்டுக்கொண்டு பஸ் பிடித்துப் போய் இறங்கினேன். என் சவுண்டை ஊர் கேட்கப்போகிறது. நான் ஒரு ஓரமாக, அடக்கமாக, ஆனால் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி நிற்கப்போகிறேன். இதுதான் திட்டம். தவசி வீட்டு வாசலில் மாவிலை கட்டி, பூச்சரம் சுற்றி, அம்பாசிடர் பெண்ணைவிட அதிகமாக அலங்கரித்துக்கொண்டு நின்றது. கூரை கேரியரில் கட்டிலும் குடமும் அண்டாவும் கட்டியாயிற்று. பக்கத்து வேப்ப மரத்தில் இரண்டு குழாய் கட்டி மைக் செட்காரர் சின்னச்சாமி பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவருக்குக் குஷி.

"வாங்கண்ணே, மருதைச் சவுண்டு இஞ்சினியரு! நம்ம குழாய நிறுத்தட்டா? உங்க பெட்டி பாடட்டும், கேப்போம்."

நிறுத்தினார். தெருவே அமைதியானது. நான் கேசட்டைச் செருகினேன்.

'டொக்.'

கேசட்டைத் திருப்பிப் போட்டேன். 'டொக். டொக்.' ஜவுளி வியாபாரி சொன்ன, ஒரே அடி தெரிந்த அந்த ஆள் திரும்ப வந்துவிட்டான். ஆழம் இல்லை, அதிர்வு இல்லை, காலி மண்ணெண்ணெய் டின்னைத் தட்டுகிற சத்தம். கூடவே, பெட்டிக்குள்ளிருந்து 'சர சர'வென்று எதுவோ ஓடுகிற ஒலி. ஆம்ப்ளிஃபயர் கருகுகிறது என்று நினைத்தேன். மோந்து பார்த்தேன். கருகவில்லை. ஒயரை மாற்றினேன், பேட்டரியைப் பார்த்தேன், ப்யூஸைப் பார்த்தேன். எல்லாம் யோக்கியமாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. ஒன்று கெட்டிருந்தால் மாற்றலாம். எல்லாம் நன்றாக இருந்தும் கெட்டதாக ஒலித்தால் யாரைப் பிடித்து உதைப்பது?

"ஸ்பீக்கருக்குச் சளி பிடிச்சுருச்சா?" என்றார் சின்னச்சாமி. கூட்டம் சிரித்தது. தவசி சிரிக்கவில்லை. "அண்ணே, ராகு காலத்துக்கு முந்தி கெளம்பணும்" என்று மட்டும் சொன்னான்.

நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? சுவரோரம் சாத்தியிருந்த விளக்குமாற்றை எடுத்து வாசலைக் கூட்ட ஆரம்பித்தேன்.

தவசியின் அம்மா வெளியே வந்து பார்த்துப் பதறிப்போனார். "ஏய்யா, மாப்ள வீட்டாளா நீங்க? நீங்க எதுக்குய்யா கூட்டுறீங்க? டேய் தவசி, என்னடா இது, மானம் போகுது!"

"மாப்ள வீடு இல்லம்மா. டேப்பு மெக்கானிக்கு."

"அப்ப எதுக்குடா வாசலக் கூட்டுறாரு?"

"பாய் சொல்லியிருக்காரும்மா. அவருக்கு ஒண்ணும் ஓடலன்னா இப்படித்தானாம். விடு."

இந்தப் பழக்கம் ஒரு நோய் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அன்றைக்கு முதன்முதலாக அது வேலை செய்தது. காரைச் சுற்றிக் கூட்டிக்கொண்டே பின்பக்கம் வந்தேன். டிக்கிக்கு நேர் கீழே தரையில் அரிசி. கல்யாண வீட்டு வாசலில் அரிசி கிடப்பது அதிசயமா? அட்சதை என்று நினைத்துத் தள்ளினேன். தள்ளிய பிறகுதான் உறைத்தது. அட்சதை என்றால் மஞ்சள் பூசியிருக்கும். இது வெள்ளை வெளேரென்று கிடக்கிறது. அதுவும் காருக்கு முன்னால் ஒரு மணி இல்லை, பின்னால் மட்டும்.

விளக்குமாற்றைப் போட்டுவிட்டுத் திருப்புளியை எடுத்தேன். ஊஃபரின் திருகுகளைக் கழற்றி வெளியே இழுத்தேன். ஓட்டை வழியாக உள்ளே பார்த்தேன். காற்று இருக்க வேண்டிய இடத்தில், முடிச்சு முடிச்சாகத் துணி மூட்டைகள். அடியிலிருந்து மேல் வரை, கோழி முட்டை அடுக்குவது போல நெருக்கி அடுக்கியிருந்தார்கள். ஒரு மூட்டையின் முடிச்சு அவிழ்ந்து அரிசி கொட்டிக் கிடந்தது. 'சர சர' அதுதான். என் பாட்டுக்கு உள்ளே அரிசி ஆடியிருக்கிறது.

"தவசி."

"அண்ணே."

"இது என்னடா?"

"அரிசிண்ணே."

"அரிசின்னு எனக்கும் தெரியும்டா! இங்க எதுக்குடா வந்துச்சு?"

"நீங்கதானண்ணே வெறும் பெட்டின்னீங்க. டிக்கியில பாதிய அடச்சுக்கிட்டு வெறும்னே கெடக்குதேன்னு திருகக் கழட்டி உள்ள அடுக்கிட்டோம்..."

"வெறும்னே இல்லடா, உள்ள காத்து இருந்துச்சு!"

அவன் உண்மையாகவே குழம்பிப்போனான். "காத்துக்கா பெட்டி அடிச்சீங்க? காத்துதான் எங்க ஊர்ல வெளியவே கெடக்குதேண்ணே."

சின்னச்சாமி வேப்ப மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, அழுகையோடு கலந்து. தவசி மீது தவறே இல்லை. இடத்தை வீணாக்கத் தெரியாத வீட்டில் வளர்ந்தவன். முறம் சும்மா இருந்தால் அதில் வெங்காயம் காயும், அண்டா சும்மா இருந்தால் அதற்குள் குடம் போகும். அந்த வீட்டுக்குள் இவ்வளவு பெரிய பெட்டியை அனுப்பி, இது காலி என்று வேறு சொல்லி அனுப்பியவன் நான். அரை வட்டாரத்துக்கும் பெட்டி அடிக்கிற உங்களுக்கு நான் சொல்வது இதுதான்: பெட்டிக்குள் ஒன்றுமில்லை என்று சொல்லாதீர்கள். காற்றும் ஒரு பாகம், அதை நான் அளந்து வைத்திருக்கிறேன் என்று சொல்லுங்கள்.

"சரி, வெளிய எடுத்து வேற எடத்துல வைப்போம்" என்றேன்.

அங்கேதான் உண்மையான சிக்கல் ஆரம்பித்தது. டிக்கியின் மறுபாதியில் இரும்புப் பெட்டி. கேரியரில் கட்டில். "பின்னாடி வர்ற டிராக்டர்ல போட்டுவிடுங்க" என்றேன். தவசியின் அம்மா முந்தானையை உதறிக்கொண்டு முன்னால் வந்தார்.

"அது ஆகாதுய்யா. எம் பொண்ணு போற வண்டியிலதான் அரிசியும் போகணும். அவ மொத உல அதுலதான் கொதிக்கணும். தனியா பின்னாடி வந்தா அது சீரு இல்ல, சாமான்."

"அப்ப உள்ளயே, கால் வைக்கிற எடத்துல..."

"அரிசியக் கால்ல போட்டு மிதிக்கவா சொல்றீக?"

மடியில் வைக்கலாம் என்று பார்த்தால் பின் சீட்டில் மணப்பெண், அம்மா, இரண்டு அத்தைகள், அவர்களின் மடியில் ஏற்கெனவே தேங்காய்த் தட்டு, பழத் தட்டு, வெற்றிலைத் தட்டு. காருக்குள் ஒரு விரல் நுழைக்க இடமில்லை.

தவசி என்னைத் தனியாக இழுத்துப்போனான். "அண்ணே, அது சும்மா அரிசி இல்ல. எங்கய்யா ஊர்க்காரக வயல்ல நட்டு அறுத்தே போய்ச் சேந்தாரு. போன வருசந்தான் நாங்க சொந்தமா ஒரு துண்டு நெலம் வாங்குனோம். இதுதான் அதுல மொத அறுப்பு." பிறகு, "பாட்டு இல்லாட்டிப் போகுதுண்ணே" என்றான். சொல்லிவிட்டுக் காரைப் பார்த்தான். அவன் பார்த்த விதத்தில், போகட்டும் என்று அவன் சொன்னது பொய் என்று தெரிந்தது.

இந்த மாதிரி நேரத்தில் நான் சொல்வதைக் கேளுங்கள். எல்லோரும் உங்களையே பார்ப்பார்கள். எதையாவது உடனே செய்யச் சொல்லி உடம்பு கெஞ்சும். நான் உட்கார்ந்தேன். என்னால் உட்கார முடியாது என்பது ஊருக்கே தெரியும்; அன்றைக்குத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, திறந்து கிடந்த டிக்கியை வெறித்துப் பார்த்தேன். அரிசி இருந்தால் பெட்டி சின்னதாகிவிடுகிறது. அரிசியை எடுத்தால் வைக்க இடமில்லை. இடத்தை அடைப்பது எது? பெட்டி. பெட்டி எதற்கு? காற்றை அடைக்க. அரிசியும் இரும்புப் பெட்டியும் போக இந்த டிக்கிக்குள் இன்னும் எவ்வளவு காற்று மிச்சம் இருக்கும்? மேலேயும் மூலைமுடுக்கிலும் கிடப்பதைக் கூட்டினால் என் பெட்டிக் காற்றைவிட அதிகம்.

எழுந்தேன். "பெட்டியத் தூக்கி வெளிய போடுங்க" என்றேன்.

"என்னண்ணே?"

"டிக்கிதான்டா பெட்டி! அரிசி அது பாட்டுக்கு டிக்கியில இருக்கட்டும். எனக்கு ஒரு அரிவாள் வேணும்."

சமையல் பந்தலிலிருந்து ஓர் அரிவாள் வந்தது. பின்கண்ணாடிக்குக் கீழே, சீட்டுக்குப் பின்னால் ஓர் அட்டைத் தட்டு இருக்கும் அல்லவா? அதில் நான் அரிவாளை வைத்ததும் தவசி என் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணே! அது என் காருண்ணே!"

"தெரியும்டா. கண்ண மூடிக்க."

மூடிக்கொண்டான். பாவம், நிஜமாகவே மூடிக்கொண்டான். தட்டில் ஒரு பொத்தல் வெட்டினேன். பெட்டியின் முன்பலகையைப் பெயர்த்து, கழற்றிய ஊஃபரை மறுபடி அதில் பூட்டி, அந்தப் பொத்தலின் மேல் கவிழ்த்து முடுக்கினேன். அதோடு வேலை முடியாது. ஊஃபரின் முன்பக்கக் காற்றும் பின்பக்கக் காற்றும் சண்டைக்கார சம்பந்திகள் மாதிரி. நடுவில் சுவர் வேண்டும். சந்தித்தால் ஒருவரை ஒருவர் தீர்த்துவிடுவார்கள், நமக்குச் சத்தமே மிஞ்சாது. பின் சீட்டைச் சுற்றி இருந்த இடுக்குகளில் கோணிச் சாக்கையும் பழைய வேட்டிகளையும் திணித்தேன். போதவில்லை. திரும்பிப் பார்த்தால் சீர் தலையணைகள், புது உறையோடு.

"அதத் தொடாதீக!" என்றார் அம்மா.

"குடும்மா" என்றது காருக்குள்ளிருந்து ஒரு குரல். மணப்பெண் பாண்டியம்மாள். அதுவரை அவள் பேசி நான் கேட்கவில்லை. "அண்ணன் முகத்தப் பாரு. குடு. நான் தலகாணி இல்லாமப் படுத்துக்கிறேன்."

தலையணைகள் போயின. டிக்கிக்குள் அரிசி மூட்டைகளை வரிசையாக வைத்து மூடினோம். முன்பலகை போன என் பெட்டி வாசலில் வாய் பிளந்து கிடந்தது. ஒரு கோழி அதற்குள் நுழைந்து, சுற்றிப் பார்த்து, திருப்தியாக உட்கார்ந்துகொண்டது. அளவு சரியாக இருந்திருக்க வேண்டும்.

கேசட்டைப் போட்டேன். மெதுவாகத்தான். பின் சீட்டிலிருந்து ஓர் அத்தை "ஆத்தீ" என்று முதுகை நிமிர்த்தினார். "சீட்டுக்குள்ள யாரோ இருக்காகடி!" பாண்டியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பூமிக்கு அடியிலிருந்து வருகிற அந்த ஆழம். நான் தவசியின் தோளை அறைந்தேன். வண்டி கிளம்பியது. முன் சீட்டில் அவனுக்குப் பக்கத்தில் நான்.

கிளம்பிய பிறகுதான் எனக்கு வேனின் கிழிந்த கோன் ஞாபகம் வந்தது. டிக்கி இப்போது பெரிய பெட்டி. அதட்டினால் தாங்காது. மெதுவாக வைத்தால் காருக்குள் இருப்பவர்களுக்குச் சொர்க்கம். வெளியே நிற்பவனுக்குக் காதைத் தீட்டினால்தான் கேட்கும். அவன் கேட்டதோ டீ தளும்புகிற சத்தம்.

மந்தைத் தெரு திரும்பியதும் டீக்கடை. பெஞ்சில் ஆட்கள். கூட வந்த இளவட்டங்களில் ஒருவனே கத்தினான்: "என்னடா தவசி, கார்ல பூனையா வச்சுருக்க? சத்தத்தையே காணோம்!"

தவசியின் கை டேப்பின் குமிழுக்கு வந்தது. நான் அந்தக் கையைப் பிடித்தேன்.

"விடுங்கண்ணே. இந்த ஒரு தெரு மட்டும்."

"கிழிஞ்சிரும்டா."

"கிழிஞ்சாக் கிழியட்டும்ணே. கேட்டா போதும்."

"கேக்காதுடா. கிழியிறதுதான் கேக்கும். மந்தைக்கு நடுவுல 'டர்'ருங்கும், அப்புறம் ஒண்ணுமே இருக்காது. அதத்தான் இவுக ஆயுசுக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாக."

அவன் கையை எடுக்கவில்லை. என் கையும் அதன் மேல். என் கண் காருக்குள் ஒரு விளக்குமாறு கிடக்கிறதா என்று தேடியது. அந்தப் பதற்றத்திலிருந்துதான் அது வந்தது. என் வாயிலிருந்து வந்தது என்று என்னாலேயே இன்னும் நம்ப முடியவில்லை, ஏனென்றால் என் வாழ்நாளில் நான் யாருக்கும் கொடுக்காத யோசனை அது.

"சத்தத்தக் கூட்டாத. வேகத்தக் குற."

"என்னண்ணே?"

"இன்னும் மெதுவாப் போ. நடக்குற வேகத்துல போ. என்ன அவசரம்? உன் தெருடா."

அவன் என்னைப் பார்த்தான். குமிழிலிருந்து கையை எடுத்தான். வண்டியை முதல் கியருக்குக் கொண்டுவந்தான். அம்பாசிடர், மாவிலையும் பூச்சரமும் ஆட, மந்தைத் தெருவில் ஊர்ந்தது. எனக்கு உயிர் போனது. ஒரு நாய் எங்களைத் தாண்டிப் போனது. ஒரு சைக்கிள்காரன் மணியடித்துவிட்டு ஏறி மிதித்துத் தாண்டினான். நாங்கள் அவசரப்படவில்லை. தாண்டிப் போகாத வண்டியை யாராவது எப்படிப் பார்க்காமல் இருப்பது? பெஞ்சில் இருந்தவர்கள் முதலில் பார்த்தார்கள். பிறகு பேச்சை நிறுத்தினார்கள். பேச்சு நின்றதும்தான் கேட்டது. தரையோடு ஊர்ந்து வருகிற ஒரு சன்னமான இடி. எங்கிருந்து வருகிறதென்று தெரியாமல் ஒருவர் ஒருவராக எழுந்தார்கள்.

கிளாசோடு ஒருவர் காருக்குப் பக்கத்தில் வந்தார். வெள்ளை வேட்டி, நரைத்த மீசை. தவசியின் அய்யா நட்டு அறுத்த வயல்களுக்குச் சொந்தக்காரர் என்று பிறகு தெரிந்தது. காரோடு கூடவே நடந்தார். அவ்வளவு மெதுவாகப் போனது வண்டி. பின்பக்கம் போய், டிக்கியின் மேல் உள்ளங்கையை வைத்தார். எடுக்கவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். மறு கையில் இருந்த டீ வட்டம் வட்டமாக அதிர்ந்தது. அவர் நடந்ததால் அதிர்ந்திருக்கலாம். நான் விசாரிக்கவில்லை.

பிறகு டிரைவர் பக்க ஜன்னலுக்கு வந்து, அதில் கை வைத்துக் குனிந்தார்.

"உள்ள என்னப்பா வச்சுருக்க, இந்த அதிரு அதிருது?"

பத்து அங்குல ஊஃபர், பெட்டி அளவு, காற்றுக் கணக்கு என்று மொத்த விரிவுரைக்கும் நான் வாயைத் திறந்துவிட்டேன். தவசி முந்திக்கொண்டான்.

"அரிசி" என்றான். "எங்க வயல்ல வெளஞ்சது."

அவர் கையை எடுத்துக்கொண்டார். தெரு இன்னும் பாதி மிச்சமிருந்தது. தவசி கியரை மாற்றவே இல்லை.